ஏழாம் பேணி

பலெர்மோ
11 ஒக்ரோபர் 1998, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று தொடக்கம் இங்கே நடக்கிற எல்லாவற்றையும், ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல், உண்மையாக எழுதி அனுப்பப் போகிறேன். ரெலிபோனில் நீங்கள் "எல்லாம் சுகமோ?" என்று கேட்கிறீர்கள். அப்பா "ஓம், சுகம்" என்கிறார். அதற்குள் ரெலிபோன் காட்டில் காசு முடிந்துவிடுகிறது. கடிதம் அப்படி நடுவில் அறாது. உங்கள் முழங்கால் நோ எப்படி? கொழும்பில் உங்கள் வெள்ளவத்தை அறையில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? எங்கள் இருவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் வெட்கம். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

அப்பா இன்று றேடியோவில் கதைத்தார்.

இங்கே ஒரேத்தோ தெருவில் ஒரு சின்ன றேடியோ நிலையம் இருக்கிறது. கிழமை முழுக்க உதைபந்தாட்டச் சண்டையும் கலியாணப் பாட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பதினொரு மணி வரை மட்டும் தமிழ். அந்த ஒரு மணித்தியாலத்துக்குக் காசு கட்டி எடுத்திருப்பவர் எங்கள் வீட்டுக்கார இராசரத்தினம் மாமா. கபோச் சந்தையில் அரிசிக்கடை வைத்திருக்கிறார். அதற்குப் பின்னால் இருக்கிற நாலு கீழ் அறைகளையும் இத்தாலிய முதலாளியிடம் மொத்தமாக எடுத்து, எங்களுக்கும் இன்னும் மூன்று குடும்பங்களுக்கும் விட்டிருக்கிறார். அறிவிப்பாளர் வலன்ரைன் மாமா. கேட்கிற ஆட்கள் ரெலிபோன் எடுத்து அப்படியே றேடியோவில் கதைக்கலாம்.

அப்பா பின்னேரங்களில் துப்புரவு செய்கிற ஆய்வுகூடத்தில் றேடன் என்ற ஒன்றை அளக்கிறார்கள் என்று முன்பு சொன்னேன். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மண்ணுக்குள் இருந்து வருகிறது. தரையில் உள்ள வெடிப்புகளால் ஏறி, பூட்டிய கீழ்வீடுகளுக்குள் தேங்கி நிற்கும். வருடக்கணக்காகச் சுவாசித்தால் சுவாசப்பைக்குக் கேடு. மூடி போட்ட ஒரு சின்னக் கறுப்புப் பேணியை மூன்று மாதம் வீட்டில் வைத்தால், உள்ளே இருக்கிற தகட்டில் அது கீறல் போடும். கீறல்களை எண்ணி அளவு சொல்வார்கள். நானூறுக்கு மேலே போனால் வீட்டைத் திருத்த வேண்டும் என்று ஐரோப்பியர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆய்வுகூடத்தார் அப்பாவுக்குப் பேணிகள் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அப்பா வீடுகளில் பேணி வைப்பார். அளவு கூடினால் மொரீசியஸ்கார மூர்கென் மாமா வெடிப்புகளை அடைத்து, காற்றை வெளியே இழுக்கிற குழாய் போடுவார். இதுதான் புதிய தொழில். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் கீழ்வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அதனால் அப்பா ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து, "உங்கடை வீடுகளிலை வாயு இருக்கலாம். உங்களுக்கே தெரியாது" என்று தொடங்கினார்.

முதல் ரெலிபோன் வந்தது. சூசைதாசன் என்று ஒருவர்.

"ஐயா, எனக்கில்லை, என்ரை மனுசிக்கு. உள்ளி அவிச்சுக் குடுத்தாச்சு, ஓமமும் குடுத்தாச்சு, போகுதில்லை. உங்கடை பேணியை உடம்பிலை எவடத்திலை வைக்கிறது?"

அடுத்தது ஒரு பெண்.

"படுத்தால் நெஞ்சுக்குள்ளை ஏறுது அண்ணை. மூண்டு மாதம் வைக்கவேணும் எண்டுறியள், வேலைக்குப் போகேக்கை கழட்டலாமோ?"

வலன்ரைன் மாமா மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தார். ஒரு மணித்தியாலத்தில் ஒன்பது பேர் எடுத்தார்கள். ஒன்பதும் வயிறு.

அப்படியிருந்தும் தெரிந்தவர்கள் வீடுகளில் ஆறு பேணி வைத்துவிட்டோம். ஏழாவதை அப்பா மாதிரிக்கு என்று என் புத்தகத் தட்டில், அகராதிக்குப் பக்கத்தில் வைத்தார். தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள்.

உங்கள் மகள்,
கேசிகா


வெள்ளவத்தை
27.10.98

அன்பு மகள் கேசிகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான், என்னோடு ஒன்றாக இருந்து பழகிவிட்டது. நீ தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? இத்தாலிக் குளிருக்குத் தொப்பி போடாமல் திரியாதே.

சிரித்து எனக்கு வயிறு நோகிறது. பக்கத்து அறைப் பெண்கள் சுவரில் தட்டிக் கேட்டார்கள், அவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். பதினேழு வருடம் மருத்துவிச்சியாக வேலை செய்த எனக்கே வாயு என்றால் பிள்ளைப்பேறு முடிந்த மூன்றாம் நாள் வருவதுதான். உன் அப்பா பாடப்புத்தகச் சொல்லைக் கொண்டுபோய்ச் சனத்துக்கு நடுவில் வைத்திருக்கிறார். வேறு சொல் தேடு. நீதானே வீட்டில் அகராதி.

என் அலுவல்: கலியாணப் பதிவில் என் பெயரை யாரோ பிழையாக எழுதியதைத் திருத்தியாகிவிட்டது. நீ இத்தாலிக்குப் போகும்போது உன்னை விட்டார்கள், என்னை மறித்தார்கள், எல்லாம் அந்த ஒரு எழுத்தால். இனி ஒரு பேப்பர்தான் குறை. இருக்கிற வீட்டில் எனக்கும் இடம் உண்டு என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்து வைத்து, அதை அப்பா அங்கே கெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் காட்ட வேண்டும். இராசரத்தினத்தாரிடம் கேட்டாரா என்று எழுது.

அம்மா


பலெர்மோ
15 நவம்பர் 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். தொப்பி போடுகிறேன். உங்கள் அறைக்குப் பக்கத்தில் வெள்ளம் என்று செய்தியில் கேட்டேன், நனையாமல் இருக்கிறீர்களா?

சொல் தேடினேன். இதில் பிழை என்னுடையது, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அகராதியில் "ஆவி" என்று இருந்தது. நீராவி, கொதியாவி எல்லாம் இருக்கிறதே, அதனால் பொருத்தம் என்று நினைத்தேன். அப்பா போன ஞாயிறு றேடியோவில் சொன்னார்: "உங்கடை வீட்டுக்குக் கீழை ஒரு ஆவி இருக்கு. நிலம் வெடிச்ச இடத்தாலை மேலை வரும். கண்ணுக்குத் தெரியாது."

அம்மா, அதன் பிறகு ரெலிபோன் ஓயவில்லை.

வுச்சீரியாச் சந்தைப் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா அழுதுகொண்டு கதைத்தார். அவருடைய அறையில் முன்பு ஒரு கிழவர் செத்தாராம், பேணிக்குள் அவரைப் பிடித்தால் பிறகு எங்கே கொண்டுபோய் விடுவது என்று கேட்டார். இன்னொருவர், "ரெண்டு பேணி வைச்சால் கெதியாப் பிடிபடுமோ?" என்றார். ஒரே நாளில் நாற்பது பேர் பேணி கேட்டுப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூர்கென் மாமாவுக்கு இதை இத்தாலியனில் விளங்கப்படுத்தினேன். பேய்க்கு எத்தனை பங்கு மணல், எத்தனை பங்கு சீமெந்து என்று கேட்டார்.

நான் அப்பாவிடம் இது பொய் என்றேன்.

"நான் எங்கை பிள்ளை பேய் எண்டு சொன்னனான்? ஆவி எண்டுதானே சொன்னனான். அவை எதை நினைச்சு வைச்சால் என்ன, பேணி அளக்கிறதை அளக்கும்."

"அவை பேய் எண்டுதானே விளங்கினவை."

"அது அவையின்ரை விளக்கம்."

இதற்கு ஒரு பதில் வேண்டும். உங்களுக்கு வருகிறதா?

இராசரத்தினம் மாமாவுக்குச் சந்தோசம். நிகழ்ச்சியை இப்போது எல்லாரும் கேட்கிறார்களாம். அப்பாவின் தோளில் தட்டி, "என்ரை அறையளிலை ஒண்டுமில்லை எண்டும் ஒருக்கால் சொல்லிவிடும் ஆனந்தராசா" என்றார். உங்கள் பேப்பரைப் பற்றி அப்பா கேட்டார். தைமாதம் வைப்பதாகச் சொன்னார்.

உங்கள் கேசிகா


வெள்ளவத்தை
30.11.98

அன்பு மகளுக்கு,

வெள்ளம் வாசற்படியோடு நின்றுவிட்டது. எனக்குத் தடிமன், அது போய்விடும். நீ ஒழுங்காகச் சாப்பிடு.

பதில் கேட்டாய். எங்கள் ஊரில் பிள்ளைத்தாச்சிகளுக்கு இரும்புக் குளிசை கொடுப்பேன். ஒருத்தியும் குடிக்க மாட்டாள். ஒருமுறை யாரோ, அதைக் குடித்தால் ஆண்பிள்ளை பிறக்கும் என்று கதை கட்டிவிட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எதற்காகக் குடித்தால் என்ன, இரத்தம் ஊறட்டும் என்று நினைத்தேன். எல்லாரும் வரிசையில் நின்று வாங்கினார்கள். அந்த வருடம் ஏழு பெண்பிள்ளைகள் பிறந்தன. அதற்குப் பிறகு நாலு வருடம் என் குளிசையை ஊரில் ஒருவரும் தொடவில்லை. அன்று நான் நினைத்ததைத்தான் உன் அப்பா இப்போது சொல்லுகிறார்.

மூன்று மாதம் முடிந்து, பேணிக்குள் பேய் இல்லை என்று நீங்கள் போய்ச் சொன்னால், அந்தச் சனம் உங்களை என்ன செய்யும்? அடுத்த ஞாயிறே றேடியோவில் திருத்துங்கள். நாற்பது பேரும் போனால் போகட்டும். இதை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு.

அம்மா


பலெர்மோ
20 டிசம்பர் 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

தடிமன் மாறிவிட்டதா? எங்கள் அறையில் குளிர் என்பதால் கதவு யன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டி, கதவடியில் துணி செருகி வைத்திருக்கிறோம். சுகமாக இருக்கிறோம்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். குளிசைக் கதையில் அவர் சிரிக்கவில்லை. ஒரு ஞாயிறு இழுத்தார். இன்றுதான் திருத்தினார். இந்தமுறை சொல்லை நானே கட்டினேன்: நிலமூச்சு. ஒரு அகராதியிலும் இல்லை. அப்பா, "இது பேயும் இல்லை, வயித்து வருத்தமும் இல்லை. நாங்கள் மூச்சு விடுற மாதிரி மண்ணும் விடுது. அந்த நிலமூச்சு வீட்டுக்குள்ளை அடைபட்டால் எங்களுக்குக் கூடாது. போன மாதம் நான் சொன்னது பிழையா விளங்கிப் போச்சு, பிழை என்னிலைதான்" என்றார்.

பதினொரு நிமிடம் ஒரு ரெலிபோனும் வரவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். வலன்ரைன் மாமா இரண்டு பாட்டுப் போட்டார். பிறகு ஒன்றே ஒன்று வந்தது. எங்களின் வயிற்று வருத்தக்காரர் சூசைதாசன்.

"அப்ப மனுசியின்ரை வாய்வுக்கு இது சரிவராது."

"இல்லை அண்ணை."

"பேயுமில்லை."

"இல்லை."

"மண் மூச்சு விடுது. சரி. நானும் கீழ்வீட்டிலைதான் கிடக்கிறன். ஒண்டு கொண்டு வாங்கோ."

நாற்பது பேரில் இப்போது ஒன்பது பேர் நிற்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்த ஒன்பது பேரின் பெயரை எண்ணிக்கொண்டு வந்தார். கோபம் இல்லை.

இன்னொரு செய்தி. பக்கத்து அறை சுலக்சனா அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. பெயர் ஓட்ரி. அவர்கள் அறையில் தொட்டில் வைக்க இடமில்லை, பாயில்தான் கிடக்கிறாள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் நான்தான் தூக்கி வைத்திருப்பேன்.

உங்கள் கேசிகா


வெள்ளவத்தை
6.1.99

அன்பு மகளுக்கு,

தடிமன் போய்விட்டது. உங்களுக்குப் புதுவருட ஆசி. நிலமூச்சு நல்ல சொல். சொல்லிப் பார்த்தேன், நாக்கில் நிற்கிறது.

இத்தாலித் தூதரகத்தில் எனக்கு மார்ச் 29ஆம் திகதி வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுப் பேப்பர் அதற்கு முன் வந்துவிட்டால் விசா குத்துவார்கள். பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் உன் அப்பா போகும்போது, ஆறு கிழமையில் கூப்பிடுவேன் என்று சொன்னவர். அப்போது வாங்கிய பெட்டி.

ஓட்ரியின் தொப்புளில் ஒன்றும் பூச வேண்டாம் என்று சுலக்சனாவிடம் சொல். முதல் ஏழு பேணியும் இந்த மாதம் முடிய வேண்டுமே, அளவு என்ன என்று எழுது.

அம்மா


பலெர்மோ
24 ஜனவரி 1999

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு யாவரும் நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். காலநிலை மிகவும் குளிராக உள்ளது.

பேணிகளின் முடிவுகள் வந்தன. ஆறு பேணிகளில் அளவு நானூறுக்குக் கீழே காணப்பட்டது. ஒரு பேணியில் ஆயிரத்து நூற்று நாற்பது பதியப்பட்டது. அது பற்றி இப்போதைக்கு றேடியோவில் சொல்வதில்லை எனத் தீர்மானிக்கப்பட்டது.

எனக்கு வரலாற்றில் பத்துக்கு ஒன்பது. பரீட்சை இருப்பதால் இத்துடன் முடிக்கிறேன்.

கேசிகா


வெள்ளவத்தை
9.2.99

கேசிகா,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

இது யாருடைய கடிதம்? கந்தோரில் இருந்து வந்ததோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். "காணப்பட்டது", "பதியப்பட்டது", "தீர்மானிக்கப்பட்டது". மூன்று வசனத்திலும் ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் புதுத் தாதிமார் "மருந்து கொடுக்கப்பட்டது" என்று எழுதுவார்கள். "ஆர் குடுத்தது? அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வா" என்பேன். பாதி நேரம் ஒருவரும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆளில்லாத வசனம் எழுதுகிறவள் எதையோ ஒளிக்கிறாள். ஒன்றும் குறைக்காமல் எழுதுவேன் என்று எனக்குச் சொன்னவள் நீ.

நானே சொல்லுகிறேன். ஒரு பேணி என்று எழுதினாயே, அது ஏழாம் பேணி. ஒக்ரோபரில் நீ எழுதிய கடிதம் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. அகராதிக்குப் பக்கத்தில் வைத்த பேணி. ஆயிரத்து நூற்று நாற்பது நீ படிக்கிற, படுக்கிற இடத்தில். அதே வரிசையில் இன்னும் மூன்று அறை. அதில் ஒன்றில் பாயில் ஒரு பச்சைப்பிள்ளை. அவர்களுக்குச் சொன்னீர்களா? தீர்மானித்தது யார்? அப்பாவா, இராசரத்தினமா?

ஆளோடு எழுது.

சாப்பிடுகிறாயா?

அம்மா


பலெர்மோ
22.2.99

அன்புள்ள குகனேஸ்வரிக்கு,

நான் சுகம். பிள்ளையும் சுகம். உம்முடைய கடிதம் வந்த நாளில் இருந்து அவள் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. அவளில் பிழை இல்லை, அப்படி எழுதச் சொன்னது நான். அதனால் இதை நானே எழுதுகிறேன்.

ஓம், ஏழாம் பேணி எங்கள் வீடுதான். அளவு வந்த அன்று இராசரத்தினம் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அந்த நாலு அறையின் நிலத்தையும் அடைக்க வேண்டும், மூர்கென் கூலி இல்லாமல் செய்ய வருவார் என்றும் சொன்னேன். அவர் உம்முடைய பேப்பரை மேசை லாச்சிக்குள் இருந்து எடுத்து மேசையில் வைத்தார். எல்லாம் நிரப்பியிருந்தது, கையெழுத்து மட்டும் இல்லை. "இப்பிடி வெளியாலை தெரிஞ்சால் முதலாளி அறையளைத் திருப்பிக் கேப்பான். மார்ச் இருபத்தொராம் திகதி றேடியோவிலை ஏழு பேணியும் நல்லம் எண்டு சொல்லும். இறங்கி வந்தவுடனை கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

பக்கத்து அறைக்காரருக்குக் காரணம் சொல்லவில்லை. கதவைத் திறந்து வையுங்கோ என்று மட்டும் சொன்னேன். மாசிக் குளிருக்கு யார் திறப்பார்கள்? "ஆனந்தராசா அண்ணைக்கு விசர்" என்று சிரித்தார்கள்.

இது ஐந்து நாளில் ஆளைக் கொல்லுகிற சாமான் இல்லை, வருடக்கணக்கு. இன்னும் ஐந்து கிழமை. நீர் வந்து இறங்கியதும் நானே கதவு கதவாகப் போய்ச் சொல்லுவேன். எட்டு வருடம் பொறுத்தோம். இதையும் பொறும்.

ஆனந்தராசா


வெள்ளவத்தை
6.3.99

கேசிகாவின் அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் நித்திரை கொள்வதில்லை என்று கையெழுத்தைப் பார்க்கத் தெரிகிறது.

ஐந்து கிழமை என்கிறீர்கள். எனக்குச் சொன்னது ஆறு கிழமை. அது எட்டு வருடம் ஆனது. கிழமைக் கணக்கை நான் இனி யாரிடமும் வாங்க மாட்டேன். நான் வந்த பிறகும் நாங்கள் அந்த அறையில்தான் இருக்க வேண்டும். அந்த மனிதரிடம் வேறொரு பேப்பருக்குக் கையெழுத்து வேண்டியிருக்கும். அப்போது இன்னும் ஐந்து கிழமை என்பீர்கள். ஓட்ரி அந்தப் பாயிலேயே தவழப் பழகிவிடுவாள்.

எனக்காக என்று சொன்னீர்கள். அந்தச் சொல்லை உங்கள் கையில் இருந்து எடுத்துவிட்டேன். நேற்றுப் போய் 29ஆம் திகதியை நானே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே இருந்த பெண் இரண்டு தரம் கேட்டாள், "நிச்சயமா?" என்று. நிச்சயம் என்றேன். இப்போது இராசரத்தினத்தாரின் லாச்சிக்குள் இருப்பது வெறும் தாள். உங்களைப் பயமுறுத்த அவரிடம் ஒன்றும் இல்லை.

இருபத்தொராம் திகதி அளவை வாசியுங்கள். உங்களுக்கு வாய் வராவிட்டால் பிள்ளையை விடுங்கள், அவளுக்கு வரும். கசெற்றில் பதிந்து அனுப்புங்கள். நான் கேட்க வேண்டும்.

பெட்டியை மூடி வைத்திருக்கிறேன். தூக்கி எறியவில்லை.

குகனேஸ்வரி


பலெர்மோ
24 மார்ச் 1999

என் அன்பு அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால், உங்கள் நித்திரை, உங்கள் சாப்பாடு மூன்றையும் ஒன்றாக விசாரிக்கிறேன். அப்பா இப்போது நித்திரை கொள்கிறார். நானும் கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தில் எல்லா வசனத்துக்கும் ஆள் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை அப்பா நின்றபடி வாசித்தார். வாசித்துவிட்டு முகம் கழுவப் போனார். நெடுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வந்து, "உன்ரை அம்மா என்னைக் கேக்காமலே எல்லாம் செய்யிறா" என்றார். பிறகு, "நல்லதுதான்" என்றார்.

ஞாயிறு காலை நாங்கள் மூவரும் போனோம். அப்பா, நான், மூர்கென் மாமா. எங்கள் பற்றறி றெக்கோடரை மேசையில் வைத்து அமத்தினேன். இராசரத்தினம் மாமா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதிரையில் இருந்தார். சேட்டுப் பையில் உங்கள் பேப்பர், அதற்குப் பக்கத்தில் பேனை. என்னைப் பார்த்துச் சிரித்தார். வலன்ரைன் மாமாவிடம் அப்பா முன்கூட்டியே எல்லாம் சொல்லியிருந்தார்.

பத்து மணி பதினெட்டு நிமிடத்துக்கு அப்பா, "பேணியளின்ரை அளவு வந்திட்டுது. என்ரை மகள் வாசிப்பா" என்றார். நான் ஒன்றில் இருந்து ஆறு வரை வாசித்தேன். எல்லாம் நானூறுக்குக் கீழே. இராசரத்தினம் மாமா தலையாட்டிக்கொண்டு பேனையின் மூடியைக் கழற்றினார்.

"ஏழாம் பேணி ஆயிரத்து நூற்று நாற்பது. அது எங்கள் வீடு. கபோவில் இராசரத்தினம் மாமாவின் அரிசிக்கடைக்குப் பின்னால் இருக்கிற வரிசை. நாலு அறைக்கும் ஒரே நிலம். இது எங்களுக்கு ஜனவரியில் தெரியும். எட்டுக் கிழமையாக நாங்கள் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு நாளும் பக்கத்து அறைப் பிள்ளையைத் தூக்கினேன், சொல்லவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்."

இராசரத்தினம் மாமா எழும்பிக் கண்ணாடியில் அடித்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வலன்ரைன் மாமா என்னிடம், "நீ வாசி பிள்ளை. கண்ணாடிக்கு அங்காலை கதைக்கிறது எனக்குக் கேக்காது" என்றார். மூர்கென் மாமா கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

ரெலிபோன் அடித்தது. சுலக்சனா அக்கா.

"கேசிகா! இப்ப நான் என்ன செய்யோணும்?"

"ரெண்டு கதவையும் திறவுங்கோ அக்கா. முன்னும் பின்னும். காத்து ஓடட்டும்."

"குளிருது."

"பிள்ளையைப் போத்துங்கோ. மூர்கென் மாமா நாளைக்கு வருவார்."

"நீ எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்."

"ஓம் அக்கா."

பிறகு சூசைதாசன் எடுத்தார். "என்ரை மனுசிக்கு வாய்வு மாறீட்டுது, அது வேறை கதை" என்று தொடங்கி, அரிசிக்கடைக்காரர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் நிலத்தை அடைக்கட்டும், அதுவரைக்கும் தான் அங்கே அரிசி வாங்க மாட்டேன் என்றார்.

நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் வரிசையில் நாலு கதவும் அகலத் திறந்து கிடந்தன. உள்ளே எல்லாரும் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டார்கள். சுலக்சனா அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ஓட்ரியை என் கையில் தந்தார்.

திங்கட்கிழமை நாலு குடும்பமும் சேர்ந்து அரிசிக்கடைக்கு முன்னால் போய் நின்றோம். இராசரத்தினம் மாமா, "எல்லாரும் என்னைக் கொல்ல வந்திருக்கிறியளோ?" என்றார். அப்பா, "இல்லை அண்ணை, நிலத்தை அடைக்க வந்திருக்கிறம்" என்றார். மூர்கென் மாமா சீமெந்துப் பையோடு பின்னால் நின்றார். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பூட்டுத் திறப்பைக் கொடுத்து, செய்யச் சொன்னார். முதல் அறை இன்று முடிந்தது.

எங்களை மட்டும் ஏப்பிரல் கடைசிக்குள் அறையை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார். உங்கள் பேப்பர் அவருடைய சேட்டுப் பையிலேயே போய்விட்டது. தமிழ் மணித்தியாலம் அடுத்த ஞாயிறு இல்லை. வலன்ரைன் மாமா, "கன காலத்துக்குப் பிறகு ஞாயிறு பூசைக்குப் போகலாம்" என்கிறார். ஒரேத்தோவில் மூர்கென் மாமாவின் வீட்டுக்கார அம்மாவிடம் நாலாம் மாடியில் இரண்டு அறை இருக்கிறது, ஜூனில் காலியாகும். அவர் புதுப் பேப்பரில் கையெழுத்து வைப்பார் என்று மூர்கென் மாமா சொல்கிறார். லிப்ற் இல்லை. எண்பத்தாறு படி, நான் எண்ணினேன். உங்கள் முழங்காலுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

இத்துடன் கசெற் வருகிறது.

ஒன்றும் குறைக்காமல்,
உங்கள் கேசிகா

பி.கு. கசெற்றின் கடைசியில், சூசைதாசனுக்குப் பிறகு, நீங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை றேடியோவில் வாசிக்கிறேன். "ஐந்து கிழமை என்கிறீர்கள். எனக்குச் சொன்னது ஆறு கிழமை" என்ற இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதன் பிறகும் என் குரல் வரும், ஏனென்றால் அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம், றெக்கோடர் பற்றறியில் ஓடியது. பலெர்மோவில் மிச்சத்தை றேடியோவில் ஒருவரும் கேட்கவில்லை. அது உங்களுக்கு மட்டும். ஒரே ஒரு வசனம் ஆளில்லாமல் எழுத வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். மெயின் சுவிச் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, நான் உங்கள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், யார் என்று காணவில்லை. கண்டதை மட்டும் எழுதுகிறேன்: பத்து மணி முப்பத்தொரு நிமிடத்துக்கு விளக்குகள் அணைக்கப்பட்டன.